காரை ஓடைகளில் கல்லைப் படிப்பது எப்படி

பெரம்பலூர் மாவட்டம் காரை ஊரருகே, மழைநீர் அறுத்துப்போட்ட களிமண் மேடுகளில் கால் வைத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: குனிந்து எதையாவது பொறுக்குவது. தரையெங்கும் துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலெம்னைட்டுகள் (கணவாய் போன்ற பண்டைக் கடலுயிரின் உள்ளோடு), அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டின் உடைந்த சுருள்கள், வெயிலில் மின்னும் ஜிப்சம் சில்லுகள். பையில் போட்டு எடுத்து வந்தால் அலமாரி நிறையும். ஆனால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட்டும் ஆற்றோரக் கூழாங்கல்லும் ஆய்வுக்கு ஒன்றுதான். கிடந்த இடத்தைக் கண்டுபிடிப்பது, அதைப் பதிவது, எடுத்ததைச் சிதையாமல் காப்பது ஆகிய மூன்றும்தான் இங்கே வேலை. பொறுக்குவது கடைசியில் வருகிறது. பல நாட்களில் அது தேவையே படாது.

நிற்கும் இடம் எது

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தக் கடற்படிவுகளை 19-ஆம் நூற்றாண்டில் எச். எஃப். பிளான்ஃபோர்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அடுத்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இதன் சங்கு, சிப்பி, அம்மோனைட் இனங்களை விரிவாக விவரித்தார். அன்றைய பிரிப்பு இன்றும் அடிப்படையில் நிலைத்திருக்கிறது. ஊட்டத்தூர் ஆங்கிலத்தில் 'உட்டட்டூர்' ஆகிவிட்டதால், வெளியூர் மாணவர்கள் அந்த உச்சரிப்பிலேயே வழி கேட்டுப் பேருந்து நடத்துனரைத் திகைக்க வைப்பதும் நிலைத்திருக்கிறது.

மனதில் பதிய வேண்டிய விதி ஒன்று உண்டு. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிகின்றன. மேற்கு விளிம்பில் மிகப் பழைய நைஸ், சார்னோக்கைட் பாறை, அதன்மேல் தெரணியின் தாவரப் புதைபடிவக் களிமண், டால்மியாபுரத்தின் பவளச் சுண்ணாம்புக்கல், காரைக் களிமண், கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல், சில்லக்குடி மணற்கல், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், ஓட்டக்கோவில், கல்லமேடு மணற்கற்கள், கடைசியாக நின்னியூர். ஆகவே கிழக்கே நடந்தால் இளைய பாறைக்கு ஏறுகிறீர்கள், மேற்கே நடந்தால் பழைய பாறைக்கு இறங்குகிறீர்கள். காரைக் களிமண் ஏறக்குறைய 11 கோடி முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலடிச் சேறு. நின்னியூரில் டைனோசர் காலம் முடிந்து, பேலியோசீன் தொடங்கிவிடுகிறது.

எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி சிறந்த காலம். மழை புதிதாக அரித்து வெளிக்கொணர்ந்தவை தரையில் கிடக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். மழை பெய்த மறுநாளே போகாதீர்கள். இந்தக் களிமண் நீரைக் குடித்து ஊதும் வகை. செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலையும் இரண்டு கிலோ கனமாக்கும், சரிவில் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். ஓடைக்குள் மரநிழல் அரிது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் சாய்வெயில் விழும்போது அடுக்குக் கோடுகளும் சிறு படிவங்களும் நிழலால் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

பத்து மடங்கு கைலென்ஸ், சாய்வுமானி உள்ள திசைகாட்டி, 1.5 மீட்டர் கோல், அளவுநாடா, சிறு மண்வெட்டி, மென்தூரிகை, அளவுகோல் அட்டை, செய்தித்தாள், ஜிப் பை, அழியா மை பேனா, பென்சில், கெட்டி அட்டைக் குறிப்பேடு. கைபேசி ஜி.பி.எஸ். போதும், ஆனால் அது சில மீட்டர் பிழை காட்டும், உயரத்தில் பிழை இன்னும் அதிகம். எனவே ஓடைச்சுவரில் எந்த அடுக்கு என்பதை ஒருபோதும் ஜி.பி.எஸ்.ஸை நம்பி எழுதாதீர்கள். சுத்தியல் பட்டியலில் இல்லாதது மறதியால் அல்ல. காரையில் அதற்கு வேலை குறைவு, சேதம் அதிகம்.

சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு அடர் அமிலத்தை ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. 30 மி.லி. சொட்டுக்குப்பி ஒன்று நாள் முழுக்க வரும். கண்ணாடி அணியாமல் குப்பியைத் திறக்க வேண்டாம்.

பட்டா நிலமானால் உரியவரிடமும், புறம்போக்கானால் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் மேலாளரின் எழுத்து அனுமதியும் தலைக்கவசமும் வெடிநேர அட்டவணையும் இல்லாமல் நுழையக் கூடாது. சாத்தனூர் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், திருவக்கரையும் அப்படியே. இரண்டிலும் கண்ணும் கேமராவும் மட்டும்.

முதலில் கனிமம், பிறகு படிவம்

புதிதாக வருபவர்களின் பாதித் தவறுகள் ஜிப்சத்தில் தொடங்குகின்றன. நார்போல் இழையோடிய ஜிப்சத் துண்டும் உடைந்த பெலெம்னைட்டும் தொலைவில் ஒன்றுபோல் இருக்கும். நகத்தால் கீறுங்கள்: ஜிப்சம் கீறுபடும் (கடினம் 2), பெலெம்னைட் கீறுபடாது (கால்சைட், கடினம் 3). ஒரு சொட்டு அமிலம் விடுங்கள்: ஜிப்சம் சும்மா இருக்கும், கால்சைட் பொங்கும். உடைந்த முகத்தைப் பாருங்கள்: பெலெம்னைட்டில் நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் இழைகள் விரியும், ஜிப்சத்தில் இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மூன்றும் ஒத்துவந்தால்தான் பெயர் எழுத வேண்டும்.

ஜிப்சம் இருந்தாலே கடல் வற்றி உப்பளமாகியிருக்கும் என்று எழுதிவிடுவதும் வழக்கமான சறுக்கல். ஓடைச்சுவரில் அந்த வெள்ளை நரம்புகளைக் கவனியுங்கள். பல இடங்களில் அவை அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வெட்டுவது வெட்டப்படுவதைவிட இளையது. ஆகவே அந்த நரம்புகள் சேறு படிந்து இறுகிய பின் வெடிப்புகளில் நிரம்பியவை. கடற்களிமண்ணில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடைந்தால் கந்தக அமிலம் பிறக்கும். அது சிப்பியோடுகளின் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாகும். ஜிப்சம் செறிந்த இடத்தில் ஓடு கரைந்து வெறும் அச்சு மட்டும் கிடைத்தால் இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள். அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் (சுண்ணாம்பின் இன்னொரு கனிம வடிவம்). அது சீக்கிரம் கரையும். பெலெம்னைட்டின் தோட்டா கால்சைட், நின்று பிடிக்கும். பெலெம்னைட் குவிந்து கிடக்கும் இடத்தில் அவை மட்டுமே வாழ்ந்தன என்று முடிவுகட்டக் கூடாது. மற்றவை கரைந்து போயிருக்கலாம்.

பழுப்பு நிறத்தில் கனமான பாஸ்பேட் முடிச்சுகளும் இங்கே உண்டு. அமிலத்துக்கு அவை மந்தமாகவே மறுமொழி தரும். படிவு நிதானப்பட்ட அல்லது நின்றுபோன காலத்தின் அடையாளமாக அவை வரிசையாக அமையும். அப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் குறிப்பேட்டில் தனிக்கோடாகக் குறியுங்கள். பின்னால் தூரத்து ஓடையோடு ஒப்பிட அது கைகொடுக்கும்.

உருண்டைகளைப் பற்றி ஒரு சொல். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020-இல் ஏரிக்குள் வெளிப்பட்ட பெரிய உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவி, பிறகு அவை கடற்படிவ முடிச்சுகள் என்று தெளிந்தது. வேறுபடுத்துவது கடினமல்ல. முட்டையானால் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடு தனியாகப் பிரியும், லென்ஸில் நுண்துளைகள் தெரியும், ஒரே அளவில் கொத்தாகக் கிடக்கும். கல்முடிச்சானால் நெல்லிக்காய் முதல் பூசணிவரை எல்லா அளவிலும் இருக்கும், உடைந்ததில் ஓடே இருக்காது, நடுவில் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ இருந்து அதைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகியிருக்கும். அந்த நடுப்படிவம்தான் நல்ல நிலையில் இருக்கும் என்பதால் முட்டைக் கனவு கலைந்தாலும் நட்டமில்லை.

எங்கிருந்து உதிர்ந்தது

ஓடையடியில் கிடப்பதெல்லாம் உதிரி. அது உதிர்ந்த அடுக்கைத் தேட ஒரே வழி, ஓடையை எதிர்த்து மேலே நடப்பது. பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, இரண்டு மீட்டர் அகலத் தரையில் எத்தனை துண்டுகள் என்று எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். மூல அடுக்கு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, ஓடைச்சுவரில் இருக்கும். துண்டுகளின் முனையும் சொல்லும்: கூர்மையாக இருந்தால் வீடு பக்கம், மழுங்கியிருந்தால் நெடுந்தூரம் உருண்டு வந்தது.

மேல் சரிவில் சோளப்பொரிபோல் பொரிந்து நிற்கும் மேற்பரப்பை நம்பாதீர்கள். ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கிய மண் அது. மெல்லமெல்லக் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் பதிந்து கிடக்கும் அம்மோனைட், 'இடத்திலேயே இருந்தது' என்ற தகுதியைப் பெறாது. அனுமதி இருந்தால் சுவரில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் படிப்படியாக வெட்டி, கெட்டியான புதுப்பாறை தெரியும்வரை போங்கள். தேடிய படிவம் அதற்குள்ளிருந்தே தலைகாட்டினால் மட்டும் 'இடத்தில்' என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் 'உதிரி'. இந்த ஒரு சொல்லை நேர்மையாக எழுதுபவரின் குறிப்பேட்டை இருபது ஆண்டு கழித்தும் பயன்படுத்தலாம்.

தடிமனை அளத்தல்

சாய்வுக்கோணம் அளக்கக் களிமண்ணை விட்டுவிட்டு, கெட்டியான சுண்ணாம்புப் பட்டையையோ இரும்புக்கறை படிந்த பட்டையையோ தேடுங்கள். ஓடைச்சுவர்கள் சரிந்து விழும்போது அடுக்கும் சாயும். அந்தப் பொய்ச்சாய்வு எளிதில் 20, 30 பாகை காட்டும். குறைந்தது மூன்று இடங்களில் அளந்து, ஒத்துவருவதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. சமதரையில், சாய்வுத் திசையில் 100 மீட்டர் நடந்தால் கடந்த பாறைத் தடிமன், 100 பெருக்கல் சாய்வுக்கோணத்தின் சைன். 5 பாகைக்கு 8.7 மீட்டர். 7 பாகைக்கு 12.2 மீட்டர். இரண்டு பாகை பிழைக்குத் தடிமன் 40 சதவீதம் கூடிவிடுகிறது. சாய்வு மெல்லியதாக இருக்க இருக்க, கோணப் பிழையின் விலை ஏறும். நடைத்திசை சாய்வுத் திசையிலிருந்து விலகினாலும் கணக்குத் தவறும். அதனால் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், ஓடை போகும் போக்கில் அல்ல.

ஓடைச்சுவரில் அளப்பது இன்னும் நம்பகமானது. 1.5 மீட்டர் கோலை அடுக்குக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதாவது அடுக்கு கிழக்கே 5 பாகை சரிந்தால் கோலின் தலையும் நேர்நிலையிலிருந்து கிழக்கே 5 பாகை சாய வேண்டும். கோலின் உச்சியிலிருந்து அடுக்கின் போக்கிலேயே பார்வையை ஓட்டி, அது சரிவில் தொடும் புள்ளியைக் குறித்து, கோலை அங்கே நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்வும் 1.5 மீட்டர் தடிமன். குறிப்பேட்டில் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்ற அளவில், கீழிருந்து மேலாக வரையுங்கள். நிலம் அப்படித்தான் படிந்தது. நிறம், மணலா களியா, அமிலத்துக்குப் பொங்குகிறதா, படிவம், ஜிப்ச நரம்பு அடுக்கை வெட்டுகிறதா இணையாக ஓடுகிறதா என ஐந்து பத்திகள் போதும். அமிலத்தைக் களிமண்ணின் மேலேயே விடுங்கள். சிப்பித்துண்டு மேல் விழுந்தால் எல்லா அடுக்கும் சுண்ணாம்பாகிவிடும்.

எடுப்பதும் சீட்டெழுதுவதும்

எடுக்கும் முன் மூன்று படம்: தூரத்திலிருந்து ஓடைச்சுவர் முழுக்க ஓர் ஆள் நிற்க, ஒரு மீட்டர் தொலைவில் அளவுகோலோடு, கைக்கெட்டும் தொலைவில் படிவம் மட்டும். எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது என்பதைப் படிவத்திலேயே அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் வெட்டுமுக எண், அடியிலிருந்து மீட்டர், 'இடத்தில்' அல்லது 'உதிரி', நாள், எடுத்தவர் பெயர்ச்சுருக்கம். சீட்டை ஈரமண்ணோடு பைக்குள் போட்டால் மாலைக்குள் மை கரைந்துவிடும். சீட்டைத் தனிச் சிறுபையில் போட்டு உள்ளே வையுங்கள், அதே எண்ணைப் பைமேலும் மையால் எழுதுங்கள்.

காரைக் களிமண்ணிலிருந்து எடுத்ததை வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் வேகமாக வெளியேறினால் களி சுருங்கி அம்மோனைட்டைப் பிளந்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, நிழலில், ஒரு வாரம். விரிசல் விட்டால் அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பேரலாய்டு பி-72 என்னும் பிசினைப் பூசுங்கள். பின்னால் அசிட்டோனாலேயே கழற்றிவிடலாம். வார்னிஷும் மரப்பசையும் மஞ்சளாகி உரிந்து, கூடவே ஓட்டையும் உரித்துக்கொண்டு வரும். வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யும் யோசனையைச் சுண்ணாம்பு ஓட்டின் மேல் ஒருபோதும் முயல வேண்டாம். மண்ணுக்கு முன் ஓடு போய்விடும். தெரணியின் வெள்ளைக் களிமண்ணில் கிடைக்கும் டிலோஃபில்லம் போன்ற இலைப்பதிவுகளைத் தண்ணீரே காட்டக் கூடாது.

எலும்பு தெரிந்தால் கை எடுத்துவிடுங்கள். படமும் இருப்பிடமும் குறித்துக்கொண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். கல்லமேட்டில் கிடைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்துப் பெயரிட்ட புருகத்காயோசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புகள் பின்னர் சிதைந்துபோனதால், அது உண்மையில் எவ்வளவு பெரிய விலங்கு என்ற வாதம் படங்களையும் அளவுகளையும் வைத்தே இன்னும் நடக்கிறது. வெளியே எடுத்த எலும்பு உறையில்லாமல் நிலைக்காது. ஈர டிஷ்யூ தாளை முதலில் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குக் கீற்றுகளை மூன்று நான்கு அடுக்காகச் சுற்றி, அடியைக் குடைந்து, கட்டியாகப் புரட்டி எடுப்பது முறை. டிஷ்யூவை மறந்தால் பிளாஸ்டர் எலும்போடு பிணைந்து, உறையைப் பிரிக்கும்போது எலும்பும் பெயரும். பழகியவர் இல்லாமல் இதைச் செய்யத் துணியாதீர்கள்.

ஒரு கைப்பிடி மண்ணில் ஒளிந்திருப்பது

காரையின் உண்மையான செல்வம் கண்ணுக்குத் தெரியாத ஃபோராமினிஃபெரா, அதாவது ஒற்றைச்செல் கடலுயிர்களின் நுண்ணோடுகள். பெரிய அம்மோனைட் கிடைக்காத அடுக்கிலும் இவை ஆயிரக்கணக்கில் கிடைக்கக்கூடும், காலத்தையும் நுட்பமாகச் சொல்லும். வெட்டிய புதுச்சுவரிலிருந்து மீட்டருக்கு ஒன்றாக, 300 கிராம் எடுத்தால் போதும். கீழிருந்து மேலாக எடுங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிர்ந்த மண் கீழ் மாதிரியில் கலந்துவிடும்.

பட்டாணி அளவுக்கு உடைத்து, 60 பாகை செல்சியஸில் ஓரிரவு முழுக்கக் காயவையுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் மூழ்கவிட்டு ஐந்தாறு மணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயை ஒட்ட வடித்துவிட்டு, தனியாகக் கொதிக்கவைத்த நீரை ஊற்றினால் களிமண் தானே பொலபொலவென்று உதிரும். அருகில் நெருப்பு இருக்கவே கூடாது. உதிராமல் கட்டியாக நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றே: முதலில் முழுமையாகக் காயவில்லை. நீர் நிறைந்த துளைக்குள் எண்ணெய் நுழையாது. மறுபடி காயவைத்துத் தொடங்குங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பல ஆய்வகங்களில் வழக்கம். ஆனால் பைரைட் உள்ள கருஞ்சாம்பல் களியில் அது அமிலத்தை உண்டாக்கி மெல்லிய ஓடுகளைக் கரைக்கும். அப்படிக் கரைந்ததைக் கண்டு 'இந்த அடுக்கில் உயிரே இல்லை' என்று எழுதினால், தவறு ஆய்வகத்தில் நடந்தது, கடலில் அல்ல. இத்தகைய களிக்கு மண்ணெண்ணெய் முறையே பாதுகாப்பு.

உதிர்ந்த சேற்றை 63 மைக்ரான் சல்லடையில், கீழே விழும் நீர் தெளியும்வரை மென்மையாகக் கழுவுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். மாதிரிக்கு மாதிரி சல்லடையைத் துலக்கி, மெத்திலீன் நீலக் கரைசலில் ஒருமுறை நனைத்தெடுங்கள். கண்ணிகளில் சிக்கி மிச்சமிருக்கும் பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால் அது விருந்தாளி என்று ஒதுக்கிவிடலாம். இதைத் தவிர்த்தவர்கள் இரண்டு காலங்களை ஒரே தட்டில் கலந்திருக்கிறார்கள்.

காய்ந்த மிச்சத்தைக் கறுப்புத் தட்டில் மெல்லப் பரப்பி, 20 முதல் 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கியில், நுனி நனைத்த 000 எண் தூரிகையால் பொறுக்குங்கள். ஜிப்சச் சில்லுகள் தட்டில் தொல்லை கொடுக்கும்: தட்டை முகமும் நேர்விளிம்பும் உள்ளதெல்லாம் படிகம், அறைகள் சுருளாக அடுக்கியிருந்தால் ஓடு. அறைகளின் ஓரத்தில் கயிறுபோல் தடித்த விளிம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி விளிம்புள்ள மிதவை இனமான ரொடாலிபோரா இருந்தால் நீங்கள் இன்னும் செனோமேனியன் (கிரெட்டேசியஸ் காலத்தின் ஒரு பிரிவு) காலத்தைத் தாண்டவில்லை. மேலே ஏறும்போது அது மறையும் இடம், ஏறக்குறைய 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் ஆக்சிஜன் குன்றித் திணறிய செனோமேனியன்–டுரோனியன் எல்லைக்கு அருகில். அந்த இடத்தை நெருங்கும்போது மாதிரி இடைவெளியை 1 மீட்டரிலிருந்து 20 செ.மீ. ஆக்குங்கள், இல்லாவிட்டால் எல்லை இரண்டு பைகளுக்கு நடுவே நழுவிவிடும். ஓரிரு ரொடாலிபோரா மட்டும் மேலே தேய்ந்த ஓட்டோடு கிடைத்தால், பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இந்த வழியெல்லாம் செல்லாது, அது கெட்டி. அங்கே கையளவு பெரிய கிரிஃபீயா சிப்பிகளும் இனோசெரமஸும் பாறையாகவே நிற்கும். நுண்படிவத்தைப் பார்க்க 0.03 மி.மீ. தடிப்புக்கு மெல்லத் தேய்த்த வெட்டுத்தகடு வேண்டும். நட்சத்திர முள்ளோடு கூடிய சிடரோலைட்ஸ் என்னும் ஃபோராமினிஃபெரா தெரிந்தால் மாஸ்ட்ரிக்டியன் (கிரெட்டேசியஸின் கடைசிப் பிரிவு) என்று எழுதிக்கொள்ளலாம்.

வெட்டிய பள்ளத்தை அன்றே அதே மண்ணால் மூடுங்கள். ஆடுமாடு மேயும் நிலம் அது. பைரைட் மினுங்கும் மாதிரிகளைத் தனிப்பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்து, கந்தக வாடை வந்து, சீட்டின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதல் வேலையாகச் சீட்டைப் புதிதாக எழுதுங்கள்.